லேப்டாப்பில் ஓடுகிறது, சர்வரில் படுத்துவிடுகிறது

பைத்தான் மொழியில் (ஃப்ளாஸ்க், ஜாங்கோ போன்ற கட்டமைப்புகளைக் கொண்டு) எழுதிய சிறு வலைச்செயலிகளைச் சர்வரில் ஏற்றுவது பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். உபுண்டு 24.04 சர்வரை மனதில் வைத்து எழுதியவை இவை. டெபியனுக்கும் பெரும்பாலும் பொருந்தும். கட்டளைகளையும் அமைப்புப் பெயர்களையும் உச்சரிப்பின்படி தமிழில் தந்திருக்கிறோம்.

கேள்வி: மாமாவின் நூல் கடைக்காக ஃப்ளாஸ்க்கில் ஒரு ஸ்டாக் கணக்குச் செயலி எழுதினேன். 1 ஜிபி ரேம் உள்ள சர்வரை மாத வாடகைக்கு எடுத்து, லேப்டாப்பில் ஓட்டும் அதே கட்டளையை அங்கேயும் ஓட்டினேன். 5000 போர்ட்டில் (சர்வரின் நுழைவாயில் எண்) திறக்கிறது. எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வரில் நுழையும் வழி) ஜன்னலை மூடினால் நின்றுவிடுகிறது. 'இது டெவலப்மென்ட் சர்வர்' என்று சிவப்பில் ஓர் எச்சரிக்கையும் வருகிறது. பொருட்படுத்த வேண்டுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: கட்டாயம். முதலில் அந்த 5000 போர்ட்டை மூடிவிட்டு மேலே படியுங்கள். ஃப்ளாஸ்க்கோடு வரும் சர்வர், எழுதுகிறவர் தானே சோதித்துப் பார்ப்பதற்கானது. டீபக் (பிழை தேடும்) நிலையும் திறந்திருந்தால் ஆபத்து இன்னும் பெரிது. ஒரு பிழை வந்ததும் பிரவுசரிலேயே பைத்தான் கட்டளைத் திரை திறக்கும். அதற்கும் உங்கள் சர்வருக்கும் நடுவே நிற்பது 'பின்' எனப்படும் ஒரு ரகசிய எண் மட்டுமே.

ஜன்னலை மூடினால் நிற்பதற்குக் காரணம், அந்த பிராசஸ் உங்கள் லாகினின் பிள்ளையாக ஓடுவதுதான். லாகின் முடிந்தால் அதுவும் முடியும். நோஹப், ஸ்கிரீன் என்று சிலர் வழி சொல்வார்கள். அவை இன்றைக்கு ஓடும். சர்வர் ஒருமுறை ரீபூட் ஆனால் போயிற்று.

நிலையாக ஓட மூன்று பேர் வேண்டும். ஜியுனிகார்ன் உங்கள் செயலியைப் பல பிராசஸ்களாக (இவையே வொர்க்கர்கள்) ஓட்டும். சிஸ்டம்டி அந்த ஜியுனிகார்னைக் கிளப்பும், விழுந்தால் எழுப்பும். என்ஜின்எக்ஸ் வெளியுலகுக்கு முகம் காட்டும். 'ஜியுனிகார்னே வலையில் பேசுமே, நடுவில் என்ஜின்எக்ஸ் எதற்கு?' என்று பலர் கேட்கிறார்கள். ஜியுனிகார்னின் சாதாரண வொர்க்கர் ஒரு நேரத்தில் ஒரு வேண்டுகோளைத்தான் கவனிக்கும். சிக்னல் குறைந்த இடத்திலிருந்து ஒருவர் படம் ஏற்றினால், அது வந்து முடியும்வரை அந்த வொர்க்கர் முடங்கிக் கிடக்கும். அப்படி மூன்று பேர் வந்தால் கடை மூடியதுபோல்தான். என்ஜின்எக்ஸ் அந்த மெதுவான வேண்டுகோளைத் தானே முழுக்க வாங்கிவைத்து, மொத்தமாக உள்ளே தள்ளும். ஹெச்டிடிபிஎஸ் வேலையும் படங்கள், சிஎஸ்எஸ் கோப்புகளைக் கொடுக்கும் வேலையும் அதனுடையவையே.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். செயலிக்கென்று தனிப் பயனர் ஒருவரை உருவாக்குங்கள், ரூட்டாக (எல்லா அதிகாரமும் உள்ள பயனர்) ஓட்டாதீர்கள். செயலியின் கோட் (நிரல்) கோப்புகளை ஹோம் ஃபோல்டரில் வைக்காமல் 'எஸ்ஆர்வி' ஃபோல்டருக்குள் வையுங்கள் (காரணம் அடுத்த பதிலில்). பைத்தான்3-வென்வ் என்ற தொகுப்பை ஏப்டியில் (உபுண்டுவின் நிறுவல் கட்டளை) நிறுவி, அங்கேயே புதிதாக ஒரு வென்வ் (செயலிக்கான பைத்தான் தொகுப்புகள் தனியாக இருக்கும் ஃபோல்டர்) உருவாக்குங்கள். லேப்டாப்பில் உள்ள வென்வை அப்படியே நகலெடுத்தால் வேலை செய்யாது. அதற்குள் இருக்கும் நிரல்களின் முதல் வரியில் பழைய இடத்தின் முழு முகவரி எழுதப்பட்டிருக்கும். விண்டோஸில் உருவாக்கியதென்றால் பேச்சே இல்லை. வென்வ் இல்லாமல் நேரடியாகப் பிப் (பைத்தான் தொகுப்புகளை நிறுவும் கட்டளை) போட்டால், 'எக்ஸ்டர்னலி மேனேஜ்டு' என்று உபுண்டு மறுக்கும். அதை மீற 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்று ஒரு கொடி (கட்டளையோடு சேர்க்கும் விருப்பச் சொல்) உண்டு. அது செய்யப்போவது என்ன என்பதைப் பெயரே ஒளிக்காமல் சொல்கிறது.

ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பில் ஒவ்வொரு தொகுப்புக்கும் பதிப்பு எண்ணோடு எழுதி நிறுவுங்கள். பிறகு ஜியுனிகார்னைக் கையால் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அதற்குக் கொடுக்கும் 'ஆப்:ஆப்' என்பதில் இடப்பக்கம் .பிஒய் நீக்கிய கோப்பின் பெயர், வலப்பக்கம் அந்தக் கோப்பில் ஃப்ளாஸ்க் பொருளுக்கு நீங்கள் வைத்த பெயர். 127.0.0.1:8000 என்ற முகவரியில் (சர்வருக்குள்ளிருந்து மட்டும் எட்டக்கூடியது) ஓடவிட்டு, இன்னொரு ஜன்னலிலிருந்து கர்ல் (பக்கத்தைக் கேட்டு வாங்கும் கட்டளை) போட்டுப் பாருங்கள். இங்கே பக்கம் வராமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். பிழை ஜியுனிகார்னிலா, என்ஜின்எக்ஸிலா என்று தேடி அலைவதில்தான் பாதி நாள் போகும்.

அடுத்து, செயலியை எப்படிக் கிளப்புவது என்று சொல்லும் சிஸ்டம்டி யூனிட் கோப்பு. அதில் யூசர், வொர்க்கிங் டைரக்டரி, என்விரான்மென்ட் ஃபைல் (சாவி போன்ற ரகசிய அமைப்புகள் உள்ள கோப்பு), எக்ஸெக்ஸ்டார்ட் (ஓட்ட வேண்டிய கட்டளை) ஆகிய நான்கும் சரியாக இருக்க வேண்டும். எக்ஸெக்ஸ்டார்ட்டில் வென்வுக்குள் இருக்கும் ஜியுனிகார்னின் முழு முகவரியைக் கொடுத்தால் போதும். 'ஆக்டிவேட்' செய்யத் தேவையில்லை. ரீஸ்டார்ட் என்பதற்கு 'ஆல்வேஸ்', ரீஸ்டார்ட்செக் என்பதற்கு 3 கொடுங்கள். அந்த 3 விநாடிக்குக் காரணம் உண்டு. அதைக் கொடுக்காவிட்டால், விழுந்த செயலியை சிஸ்டம்டி கண்ணிமைக்கும் நேரத்தில் மீண்டும் கிளப்பும். 10 விநாடிக்குள் 5 முறை கிளப்பியும் நிலைத்து ஓடாவிட்டால் கைவிட்டுவிடும். டேட்டாபேஸ் எழுந்துவர அரை நிமிடம் தாமதமானால்கூட உங்கள் செயலி அன்று முழுக்கப் படுத்திருக்கும். கோப்பை எழுதியதும் டீமன்-ரீலோட், பிறகு 'ஸ்டார்ட்', 'எனேபிள்' இரண்டும். 'ஸ்டார்ட்' மட்டும் செய்துவிட்டு 'எனேபிள்' செய்ய மறப்பவர்கள் அடுத்த ரீபூட்டில்தான் அதை அறிகிறார்கள்.

என்ஜின்எக்ஸில் ப்ராக்ஸி-பாஸ் வரியோடு ஹோஸ்ட், எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார், எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ ஆகிய மூன்று தலைப்புகளையும் (வேண்டுகோளோடு போகும் குறிப்புகள்) அனுப்பச் சொல்லுங்கள். 'கிளையண்ட் மேக்ஸ் பாடி சைஸ்' தானாக 1 எம்பிதான். இன்றைய ஃபோன் படம் ஒன்றே அதைத் தாண்டும். 413 பிழை வரும். 10 எம்பி ஆக்குங்கள். 'வெல்கம் டு என்ஜின்எக்ஸ்' பக்கமே வந்துகொண்டிருந்தால், சைட்ஸ்-எனேபிள்டு ஃபோல்டரில் இருக்கும் 'டீஃபால்ட்' இணைப்பை நீக்குங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு 'என்ஜின்எக்ஸ் -டி' போட்டுச் சோதித்த பின்பே ரீலோட்.

கடைசியாக யுஎஃப்டபிள்யூ தீச்சுவர். ஓபன்எஸ்எஸ்ஹெச், 80, 443 மூன்றையும் அனுமதித்துவிட்டு அப்புறம்தான் 'எனேபிள்'. வரிசை மாறினால் உங்களையே வெளியே வைத்துப் பூட்டிக்கொள்வீர்கள். சர்வர் நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள கன்சோல் வழியாகத்தான் நுழைய வேண்டியிருக்கும். எல்லாம் முடிந்ததும் வேண்டுமென்றே ஒருமுறை ரீபூட் செய்து, எதையும் தொடாமல் பக்கம் வருகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: எல்லாம் செய்தும் '502 பேட் கேட்வே' மட்டுமே வருகிறது. இரண்டு முறை சர்வரையே அழித்து மறுபடி நிறுவிவிட்டேன்.
– வாசகர், மதுரை

பதில்: இனி அழிக்காதீர்கள். 502 என்றால் என்ஜின்எக்ஸ் நலமாக இருக்கிறது, பின்னால் இருக்கும் செயலியிடமிருந்து பதில் இல்லை என்று பொருள். எங்கே அறுந்தது என்பது இரண்டு இடங்களில் எழுதப்பட்டிருக்கும்.

முதலில் என்ஜின்எக்ஸின் எரர் லாகில் கடைசி வரியைப் பாருங்கள். எண் 111, 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்றால் அந்த போர்ட்டில் யாருமே இல்லை. ஜியுனிகார்ன் ஓடவில்லை அல்லது வேறு போர்ட்டில் ஓடுகிறது. எண் 2 என்றால் சாக்கெட் கோப்பின் (போர்ட்டுக்குப் பதிலாக என்ஜின்எக்ஸும் ஜியுனிகார்னும் பேசிக்கொள்ளும் கோப்பு) முகவரி தவறு. எண் 13, 'பெர்மிஷன் டினைடு' என்றால் சாக்கெட் இருக்கிறது, ஆனால் என்ஜின்எக்ஸால் அதுவரை நடந்துபோக முடியவில்லை. இந்த 13 பலரைத் திணறடிக்கிறது. பழைய வழிகாட்டிகள் கோட் கோப்புகளையும் சாக்கெட்டையும் ஹோம் ஃபோல்டரில் வைக்கச் சொல்லும். உபுண்டு 21.04 முதல் புதிதாக உருவாகும் ஹோம் ஃபோல்டர்களின் அனுமதி 750. பிறர் உள்ளே எட்டிப்பார்க்க முடியாது. என்ஜின்எக்ஸ் ஓடுவது 'டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா' என்ற வேறு பயனராக. சாக்கெட் கோப்புக்கு 777 (எல்லோருக்கும் முழு அனுமதி) கொடுத்தாலும் பயனில்லை, தடை இருப்பது மேலே உள்ள ஃபோல்டரில். கோட் கோப்புகளை 'எஸ்ஆர்வி'க்கு மாற்றுங்கள், அல்லது சாக்கெட்டை விட்டுவிட்டு 127.0.0.1:8000 என்றே வைத்துக்கொள்ளுங்கள். சிறு செயலிக்கு வேகத்தில் வித்தியாசம் தெரியாது.

செயலியே ஓடவில்லை என்றால், சிஸ்டம்டியின் லாகைக் காட்டும் 'ஜர்னல்சிடிஎல்' கட்டளையில் உங்கள் சர்வீஸின் பெயரைக் கொடுங்கள். 203 என்று முடிந்திருந்தால் எக்ஸெக்ஸ்டார்ட் முகவரி தவறு. 217 என்றால் அந்தப் பெயரில் பயனர் இல்லை. 200 என்றால் வொர்க்கிங் டைரக்டரி இல்லை. 3 என்றால் ஜியுனிகார்ன் கிளம்பிவிட்டது, உங்கள் கோட்தான் இறங்கவில்லை. சில வரிகள் மேலே போனால் 'மாட்யூல் நாட் ஃபவுண்டு' போன்ற உண்மைக் காரணம் நிற்கும்.

எப்போதாவது மட்டும், அதுவும் கிட்டத்தட்ட 30 விநாடி காத்திருந்த பிறகு 502 வருகிறதா? அது ஜியுனிகார்னின் காலவரம்பு. 30 விநாடியில் பதில் தராத வொர்க்கரை அது கொன்றுவிடும். வரம்பை 120 ஆக்குவது தற்காலிக மருந்து. அரை நிமிடம் எடுக்கும் அறிக்கையைப் பின்னணி வேலையாக மாற்றுவதே சரி.

கேள்வி: லாகின் செய்த பயனர்கள் திடீர் திடீரென்று வெளியேற்றப்படுகிறார்கள். ரீஃப்ரெஷ் செய்தால் சில நேரம் மறுபடி உள்ளே இருக்கிறார்கள்! லேப்டாப்பில் இப்படி ஒருமுறைகூட நடக்கவில்லை.
– வாசகி, சேலம்

பதில்: உங்கள் கோடில் சீக்ரெட் கீ (குக்கீயில் கையெழுத்திடும் சாவி) என்பதற்கு 'ஓஎஸ் டாட் யுரேண்டம்' (ஒவ்வொரு முறையும் புது மதிப்பு தருவது) என்று எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறோம். லேப்டாப்பில் ஒரே பிராசஸ், ஒரே சாவி. சர்வரில் மூன்று வொர்க்கர் ஓடினால் ஒவ்வொன்றும் கிளம்பும்போது தனக்கென்று ஒரு சாவி செய்துகொள்ளும். முதல் வொர்க்கர் கையெழுத்திட்ட குக்கீ இரண்டாவதுக்குச் செல்லாது. அடுத்த வேண்டுகோள் யாரிடம் போகிறது என்பதைப் பொறுத்து, பயனர் உள்ளேயும் வெளியேயும் ஆடுவார்.

பைத்தானின் சீக்ரெட்ஸ் மாட்யூலில் உள்ள 'டோக்கன் ஹெக்ஸ்' கொண்டு ஒரே ஒரு சாவி உருவாக்கி, என்விரான்மென்ட் கோப்பில் எழுதி வையுங்கள். அந்தக் கோப்பு ரூட்டுக்குச் சொந்தமாக, 600 அனுமதியோடு (சொந்தக்காரர் மட்டும் படிக்கலாம், எழுதலாம்) இருக்கலாம். அதைப் படிப்பது சிஸ்டம்டிதான், உங்கள் செயலி அல்ல. வரிகளின் முன்னால் 'எக்ஸ்போர்ட்' என்று எழுதாதீர்கள், சிஸ்டம்டி அந்த வரியை ஏற்காது. கிட்டுக்குள் (கோடின் பதிப்புகளைச் சேமிக்கும் கருவி) இந்தக் கோப்பு போகவே கூடாது. ஏற்கெனவே போயிருந்தால் அழித்துப் பயனில்லை, பழைய கமிட்டில் (சேமித்த பதிப்பில்) இருக்கும், சாவியையே மாற்றுங்கள்.

இதே நோய் வேறு உருவத்திலும் வரும். கூடையில் போட்ட பொருட்கள், ஓடிபி எண்கள் போன்றவற்றை ஒரு குளோபல் டிக்‌ஷனரியில் வைத்திருந்தால், ஒரு வொர்க்கருக்குத் தெரிவது மற்றதற்குத் தெரியாது. அவை டேட்டாபேஸில் அல்லது ரெடிஸில் (எல்லா வொர்க்கரும் பகிரக்கூடிய தரவுக் கிடங்கு) இருக்க வேண்டும்.

கேள்வி: சீட்டுத் தவணை நினைவூட்டும் எஸ்எம்எஸ் காலை 9 மணிக்குப் போக வேண்டும். ஏபிஷெட்யூலர் (நேரம் பார்த்து வேலையை ஓட்டும் தொகுப்பு) மூலம் அனுப்புகிறேன். மதியம் 2.30க்குப் போகிறது. அதுவும் ஒவ்வொருவருக்கும் மூன்று முறை. சந்தாதாரர்கள் திட்டுகிறார்கள்.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: இரண்டு தனித்தனிக் காரணங்கள். வாடகை சர்வர்களின் கடிகாரம் பெரும்பாலும் யுடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்கும். அங்கே 9 மணி என்றால் நமக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டி 2.30. 'டைம்டேட்சிடிஎல்' கொண்டு சர்வரையே ஏசியா/கொல்கத்தாவுக்கு மாற்றலாம். ஆனால் சர்வரை யுடிசியில் விட்டு, டேட்டாபேஸிலும் யுடிசியில் சேமித்து, காட்டும்போது மட்டும் 'ஜோன்இன்ஃபோ' கொண்டு மாற்றுவதே எங்கள் விருப்பம். அப்படிச் செய்தால் வேலை நேரத்தை 3.30 என்று எழுத வேண்டும்.

மூன்று முறை போவதற்குக் காரணம், ஏபிஷெட்யூலர் உங்கள் செயலிக்குள்ளேயே கிளம்புவது. மூன்று வொர்க்கர், மூன்று ஷெட்யூலர், மூன்று எஸ்எம்எஸ். வொர்க்கரை ஒன்றாகக் குறைத்துச் சமாளிப்பவர்கள் உண்டு. அது காலை உடைத்துச் செருப்புக்குப் பொருத்துவது. நினைவூட்டலைத் தனி பைத்தான் கோப்பாகப் பிரித்து, கிரான் (குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் வசதி) அல்லது சிஸ்டம்டி டைமர் மூலம் ஓட்டுங்கள். கிரானில் வென்வ் பைத்தானின் முழு முகவரி வேண்டும். உங்கள் என்விரான்மென்ட் கோப்பு கிரானுக்குத் தெரியாது. அதனால்தான் கையால் ஓட்டினால் ஓடும் நிரல் கிரானில் சத்தமில்லாமல் செத்துப்போகிறது. டைமரில் அதே கோப்பைச் சேர்க்கலாம், லாகும் ஜர்னலில் விழும். அதற்கே எங்கள் ஓட்டு. அனுப்பிய ஒவ்வொரு எஸ்எம்எஸ்ஸையும் தேதியோடு டேட்டாபேஸில் குறித்து, அன்றைக்கு அனுப்பியாயிற்றா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். நாளை வேறு காரணத்தால் நிரல் இருமுறை ஓடினாலும் காசு வீணாகாது.

கேள்வி: பில் பிடிஎஃப்பில் தமிழ் எழுத்துகள் எல்லாம் கட்டம் கட்டமாக வருகின்றன. லேப்டாப்பில் சரியாக இருந்தது. இன்னொன்று: வாடிக்கையாளர் ஏற்றும் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று எழுதப்பட்டு, கடைசிப் படம் மட்டுமே மிஞ்சுகிறது. டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல்.
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: உங்கள் லேப்டாப்பில் தமிழ் எழுத்துரு இருக்கிறது, புது சர்வரில் பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது. 'ஃபாண்ட்ஸ்-நோட்டோ-கோர்' தொகுப்பை நிறுவினால் நோட்டோ சான்ஸ் தமிழ் வந்துவிடும். இதைவிட நல்லது, எழுத்துருக் கோப்பைச் செயலியோடே வைத்து அதையே சுட்டுவது. நாளை சர்வர் மாறினாலும் பில் மாறாது. நோட்டோவின் உரிமம் அதற்கு இடம் தருகிறது. விண்டோஸில் உள்ள லதா, நிர்மலா எழுத்துருக்கள் மைக்ரோசாஃப்ட் உரிமத்தில் உள்ளவை, அவற்றைச் சர்வருக்கு நகலெடுக்காதீர்கள்.

எழுத்துரு வந்த பிறகும் 'கொ' என்பதில் கொம்பு இடம் மாறிக் கிடந்தால், குற்றவாளி பிடிஎஃப் நூலகம். கணினி உள்ளே ககரத்தையும் ஒகரக் குறியையும் அடுத்தடுத்துத்தான் சேமிக்கிறது. கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் பிரித்து வைப்பது வரையும்போது நடக்கும் வேலை. ரிப்போர்ட்லேபின் சாதாரண ஓட்டத்தில் அந்த வேலை நடப்பதில்லை. வீஸிபிரிண்ட் பாங்கோ வழியாக அதைச் சரியாகச் செய்கிறது. பிப்பில் வீஸிபிரிண்ட் மட்டும் போட்டால் போதாது, பாங்கோ நூலகத்தை ஏப்டியில் நிறுவ வேண்டும்.

படங்கள் விஷயத்தில், ஃப்ளாஸ்க் வழிகாட்டிகள் எல்லாம் சொல்லும் 'செக்யூர் ஃபைல்நேம்' என்ற செயற்கூற்றைப் பயன்படுத்தியிருப்பீர்கள். அது ஆங்கிலம் அல்லாத எழுத்துகளை நீக்கிவிடும். 'படம்.ஜேபிஜி' என்ற பெயரில் தமிழ் போய், முன்னால் நிற்கும் புள்ளியும் போய், வெறும் 'ஜேபிஜி' மிஞ்சும். தமிழில் பெயரிட்ட அடுத்த படத்துக்கும் அதே பெயர்தான். கோப்புக்கு யுயுஐடி (மீண்டும் வராத நீண்ட எண்) கொண்டு நீங்களே ஒரு பெயர் வைத்து, வாடிக்கையாளர் கொடுத்த பெயரை டேட்டாபேஸில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மைஎஸ்க்யூஎல் பயன்படுத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். எழுத்துக் குறியீடு 'யுடிஎஃப்8எம்பி4' என்று இருக்கிறதா பாருங்கள். பழைய மூன்று பைட் வகையிலும் தமிழ் எழுத்துகள் அடங்கிவிடும், அதனால் கோளாறு வெளியே தெரியாது; ஒருவர் பெயரோடு ஈமோஜி சேர்த்த அன்று பிழை வரும். 2019இல் யூனிகோடு 12இல் சேர்ந்த தமிழ்ப் பின்னக் குறிகளுக்கும் நான்கு பைட் வேண்டும். பழைய கணக்கேடுகளை ஏற்றுகிறவர்கள் கவனிக்க. டேபிளின் குறியீடு லத்தீன்1 ஆக இருந்து, எழுத்துகள் கேள்விக்குறிகளாகச் சேமிக்கப்பட்டிருந்தால், அவற்றை மீட்க வழியில்லை.

கேள்வி: டேட்டாபேஸுக்கு எஸ்க்யூலைட் போதுமா, போஸ்ட்கிரெஸ் கட்டாயமா? 'டேட்டாபேஸ் இஸ் லாக்டு' என்று அவ்வப்போது வருகிறது.
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: ஒரே சர்வர், ஒரு சில பேர் எழுதுகிற செயலி என்றால் எஸ்க்யூலைட் தாராளமாகப் போதும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும் என்பதே அதன் எல்லை. பைத்தான் 5 விநாடி காத்திருந்து, வழி கிடைக்காவிட்டால் அந்தப் பிழையைத் தரும். 'வால்' (டபிள்யூஏஎல்: மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதும்) நிலையை ஒருமுறை இயக்குங்கள். படிப்பவர்களும் எழுதுபவரும் ஒருவரையொருவர் மறிக்கமாட்டார்கள். அந்த அமைப்பு கோப்பிலேயே தங்கிவிடும். காத்திருப்பை 20 விநாடி ஆக்குங்கள். எழுதத் தொடங்கி கமிட் செய்வதற்கு (எழுதியதை உறுதிசெய்வதற்கு) நடுவே எஸ்எம்எஸ் அனுப்புவது, பேமெண்ட் நிறுவனத்தோடு பேசுவது போன்றவற்றைச் செய்யாதீர்கள். லாக் பிழைகளில் பாதி அங்கேதான் பிறக்கிறது.

டேட்டாபேஸ் கோப்புக்கு மட்டுமன்றி அது இருக்கும் ஃபோல்டருக்கும் செயலியின் பயனருக்கு எழுதும் உரிமை வேண்டும். பக்கத்திலேயே துணைக் கோப்புகள் உருவாகும். ஓடிக்கொண்டிருக்கும்போது சிபி கட்டளையால் நகலெடுத்தால் அரைகுறை நகல் கிடைக்கலாம். எஸ்க்யூலைட்டின் 'பேக்கப்' கட்டளையையே பயன்படுத்தி, நகலை வேறொரு இடத்துக்கு அனுப்புங்கள். அதே சர்வரில் கிடக்கும் பேக்கப், சர்வர் போனால் கூடவே போகும்.

கேள்வி: ஜாங்கோவில் டீபக்கை 'ஃபால்ஸ்' ஆக்கியதும் சிஎஸ்எஸ் எல்லாம் மறைந்துவிட்டது. ஹெச்டிடிபிஎஸ் போட்டதும் ஃபாரம் அனுப்பினால் 403.
– வாசகர், கோவை

பதில்: டீபக் திறந்திருந்தவரை ஜாங்கோவின் சோதனைச் சர்வரான ரன்சர்வரே அந்தக் கோப்புகளைக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஜியுனிகார்ன் அதைச் செய்யாது. ஸ்டாட்டிக் ரூட்டை அமைத்து, 'கலெக்ட்ஸ்டாட்டிக்' ஓட்டி, அந்த ஃபோல்டரை என்ஜின்எக்ஸில் 'ஏலியாஸ்' மூலம் காட்டுங்கள். லொகேஷன், ஏலியாஸ் இரண்டின் முடிவிலும் சாய்கோடு இருக்கட்டும். என்ஜின்எக்ஸைத் தொட விருப்பமில்லையென்றால் ஒயிட்நாய்ஸ் தொகுப்பு. மிடில்வேர் வரிசையில் செக்யூரிட்டி மிடில்வேருக்கு அடுத்ததாக.

403க்குக் காரணம், ஜாங்கோ 4.0 முதல் சிஎஸ்ஆர்எஃப் டிரஸ்டட் ஆரிஜின்ஸ் (ஃபாரம் அனுப்ப நம்பும் தளங்கள்) பட்டியலில் 'ஹெச்டிடிபிஎஸ்://' முன்னொட்டோடு டொமைனை எழுத வேண்டும் என்பது. செக்யூர் ப்ராக்ஸி எஸ்எஸ்எல் ஹெடரையும் அமைத்து, என்ஜின்எக்ஸ் எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ அனுப்புகிறதா என்றும் பாருங்கள். அடுத்து 400 வந்தால் அலவ்டு ஹோஸ்ட்ஸ் பட்டியலில் டொமைன் இருக்கிறதா பாருங்கள். 'செக் --டெப்ளாய்' கட்டளையை ஒருமுறை ஓட்டினால் விட்டுப்போனவற்றை ஜாங்கோவே சொல்லும்.

கேள்வி: ஹெச்டிடிபிஎஸ் சான்றிதழ் வாங்கும் செர்ட்பாட் தோல்வியடைகிறது. திரும்பத் திரும்ப முயன்றதில் இப்போது 'டூ மெனி' என்று தடுத்துவிட்டது.
– வாசகர், திருச்சி

பதில்: ஒரு கணக்கிலிருந்து ஒரு பெயருக்கு மணிக்கு 5 தோல்விகள்தான் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட்டில் அனுமதி. ஒரு மணி நேரம் பொறுத்திருந்து, அடுத்த முயற்சிகளை 'டிரை-ரன்' கொடியோடு செய்யுங்கள். அது சோதனைச் சர்வரிடம் போகும்.

டொமைனின் ஏ பதிவு (பெயரை ஐபி முகவரியோடு இணைப்பது) உங்கள் ஐபியைக் காட்டியும் தோற்றால், ஐபிவி6க்கான ஏஏஏஏ பதிவைப் பாருங்கள். டொமைன் வாங்கிய இடத்தில் அவர்களே போட்டு வைத்த ஐபிவி6 முகவரி ஒன்று மறைந்திருக்கலாம். லெட்ஸ் என்க்ரிப்ட் ஐபிவி6 இருந்தால் அதைத்தான் முதலில் தட்டும். வேறு யாருடைய கதவோ திறந்து தவறான பதில் வரும். 'டபிள்யூடபிள்யூடபிள்யூ' சேர்த்த பெயர் தனிப்பெயர்; இரண்டையும் ஒரே சான்றிதழில் கேளுங்கள்.

சான்றிதழ் 90 நாள் செல்லும். செர்ட்பாட்டின் டைமர் தானே புதுப்பிக்கும், அதற்கு 80 போர்ட் திறந்தே இருக்க வேண்டும். 'ஹெச்டிடிபிஎஸ் வந்துவிட்டதே' என்று 80ஐ மூடுபவர்களின் தளம் மூன்று மாதத்தில் சிவப்புத் திரை காட்டும். முன்பெல்லாம் காலாவதிக்கு முன் மின்னஞ்சல் வரும். 2025 ஜூனில் அந்தச் சேவை நின்றுவிட்டது. காலாவதித் தேதியை நீங்கள்தான் கண்காணிக்க வேண்டும்.

கேள்வி: எத்தனை வொர்க்கர் வைப்பது? எட்டு வைத்தேன், தினம் ஒருமுறையாவது எல்லாம் விழுகிறது.
– வாசகர், புதுச்சேரி

பதில்: ஜியுனிகார்ன் ஆவணம் சொல்லும் கணக்கு, சிபியு கோர் எண்ணிக்கையின் இரு மடங்கோடு ஒன்று. ஒரு கோருக்கு மூன்று. ஆனால் சிறு சர்வரில் முதலில் தீர்வது ரேம். ஒவ்வொரு வொர்க்கரும் உங்கள் செயலியின் முழு நகல். பாண்டாஸ் போன்ற பெரிய நூலகத்தை இறக்குமதி செய்திருந்தால் அதுவும் எட்டு முறை. லாகில் 'சிக்கில்' என்றும் 'பெர்ஹாப்ஸ் அவுட் ஆஃப் மெமரி' என்றும் வரியிருந்தால் கெர்னல்தான் (இயங்குதளத்தின் மையம்) கொன்றிருக்கிறது. 1 ஜிபிக்கு இரண்டு வொர்க்கர், ஒவ்வொன்றிலும் நான்கு த்ரெட் என்று தொடங்கி, 'ஃப்ரீ -எம்' பார்த்துக் கூட்டுங்கள். 1 ஜிபி ஸ்வாப் கோப்பும் (ரேம் தீரும்போது கைகொடுக்கும் டிஸ்க் இடம்) போடுங்கள்: ஃபால்லொகேட், அனுமதி 600, எம்கேஸ்வாப், ஸ்வாப்ஆன், கடைசியாக எஃப்எஸ்டேபில் ஒரு வரி. கடைசி வரியை விட்டால் ரீபூட்டில் ஸ்வாப் இருக்காது.

கேள்வி: டாக்கர் (செயலியைத் தேவையானவற்றோடு ஒரு பெட்டிக்குள் ஓட்டும் கருவி) இல்லாமல் செய்வது பழைய பாணியா?
– வாசகர், சென்னை

பதில்: ஒரு செயலி, ஒரு சர்வர் என்றால் மேலே சொன்னதே போதும். ஒரே சர்வரில் வெவ்வேறு பைத்தான் பதிப்பு கேட்கும் செயலிகள் வந்தபின் டாக்கரை யோசியுங்கள். அப்போது ஒன்றை மறக்காதீர்கள்: டாக்கர் திறக்கும் போர்ட்டுகள் யுஎஃப்டபிள்யூ விதிகளைத் தாண்டி வெளியே தெரியும். 127.0.0.1 சேர்த்தே போர்ட்டைக் கொடுங்கள்.

கேள்வி: புதுப் பதிப்பு ஏற்றும்போதெல்லாம் ஏதாவது உடைகிறது. சில நேரம் கிட் புல் செய்தும் பழைய பக்கமே வருகிறது. என்ன வரிசை?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: பழைய பக்கம் வருவதற்குக் காரணம், ஓடும் வொர்க்கர் பழைய நிரலை நினைவில் வைத்திருப்பது. டீபக் இல்லாதபோது ஃப்ளாஸ்க் டெம்ப்ளேட்டையும் மறுபடி படிக்காது. ரீஸ்டார்ட் இல்லாமல் எதுவும் மாறாது.

வரிசை இது: டேட்டாபேஸ் பேக்கப், கிட் புல், வென்வின் பிப்பால் ரிக்வயர்மென்ட்ஸ், மைக்ரேஷன் (டேபிள் அமைப்பை மாற்றுவது), ரீஸ்டார்ட், கர்ல் போட்டு 200 (வெற்றிக்கான எண்) வருகிறதா என்று பார்ப்பது. இவற்றை ஒரு ஷெல் கோப்பில் எழுதி, முதல் வரியில் 'செட் -இ' போடுங்கள். ஒன்று தவறினால் அடுத்தது ஓடாது. பிப் தோற்ற பிறகும் ரீஸ்டார்ட் நடந்துவிடுவதுதான் வழக்கமான விபத்து.

கோட் கோப்புகளைப் பழைய கமிட்டுக்குத் திருப்புவது ஒரு நிமிட வேலை. டேட்டாபேஸ் அப்படித் திரும்பாது. ஆகவே டேபிளில் ஒரு நெடுவரிசையின் பெயரை மாற்ற வேண்டுமென்றால், முதல் பதிப்பில் புது நெடுவரிசையைச் சேர்த்து இரண்டிலும் எழுதுங்கள். அடுத்த பதிப்பில் படிப்பதைப் புதியதுக்கு மாற்றுங்கள். பழையதை ஒரு வாரம் கழித்து நீக்கலாம். வாடிக்கையாளர் ஏற்றிய படங்களும் எஸ்க்யூலைட் கோப்பும் கோட் ஃபோல்டருக்கு வெளியே இருக்கட்டும். 'கிட் கிளீன்' என்று ஒரு கட்டளை உண்டு; '-எஃப்' கொடியோடு ஓட்டினால் கிட்டுக்குத் தெரியாத கோப்புகளை அது கேள்வி கேட்காமல் அழிக்கும்.